அறிதுயிலும் பேறுகால வலியும்

ஹிப்னாடிசம் என்றதும் மேடையில் ஆடும் கடிகாரமும், ஆட்டுவிப்பவர் சொற்படி ஆடும் மனிதருமே பலருக்கு நினைவுக்கு வரும். 1840களில் இப்பெயரைப் பரப்பிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கினார். ஆனால் அந்நிலையில் இருப்பவர் உறங்குவதில்லை. தமிழில் இதனை அறிதுயில் என்கிறோம். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் உறங்காத உறக்கத்திற்கு நம் இலக்கியங்களில் வழங்கிய பழஞ்சொல் அது. கிரேக்கப் பெயரைவிட இதுவே பொருத்தம் என்பேன். பிள்ளை பெறும் தாய் தாதியின் சொல்லைக் கேட்கவும், முக்க வேண்டிய நேரத்தில் முக்கவும் வேண்டுமல்லவா?

அச்சம் மிகுந்தால் உடல் இறுகுகிறது; இறுகிய உடலில் வலி கூடுகிறது; கூடிய வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே இவ்வாறு விளக்கினார். அறிதுயில் பயிற்சி இச்சுழலை அறுக்கவே முயல்கிறது. பேறுகாலத்திற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தாய் மூச்சை நிதானப்படுத்தவும், தசைகளைத் தளர்த்தவும், கருப்பையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எழுந்து அடங்கும் அலையாக எண்ணவும் பழகுகிறாள். பின்னர் எவர் துணையும் இன்றித் தானே அந்நிலைக்குச் செல்கிறாள்.

இது வெறும் கற்பனையா? 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையைப் படம் பிடித்தனர். வலியின் துன்பம் குறைவதாகவோ கூடுவதாகவோ சொன்னபோது, தொடுவுணர்வை ஏற்கும் பகுதியில் பெரிய மாற்றமில்லை; துன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் இயக்கமே மாறியது. வலி இருந்தது, அது வருத்தும் அளவுதான் மாறியது.

பிரசவ அறையில் கிடைத்த பலன் இதைவிட அடக்கமானது. 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் தலைப்பிள்ளையைச் சுமந்த 680 பெண்கள் பங்கேற்றனர். முதுகில் செலுத்தும் எப்பிடியூரல் மருந்தை நாடியவர்கள், பயிற்சி பெற்றோரில் 27.9 விழுக்காடு; பெறாதோரில் 30.3 விழுக்காடு. இதனைப் பெரிய வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. எனினும், எதிர்பார்த்ததைவிட அச்சம் குறைவாகவே இருந்தது என்பதில் பயிற்சி பெற்றோர் முந்தியிருந்தனர். ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும், வலிமருந்தின் மொத்தத் தேவை சற்றுக் குறையக்கூடும், எப்பிடியூரலின் தேவை குறைவதாகத் தெரியவில்லை என்றே கூறியது.

ஆகவே 'வலியே இராது' என்னும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அவற்றை நம்பிய பெண், வலி வந்ததும் குற்றம் தன்னுடையதே என்று குமைவாள். அறிதுயிலைப் பழகியவரும் எந்நேரத்திலும் எப்பிடியூரல் கேட்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. முன்பு கடும் மனநோய்க்கு ஆளானவர்கள் மட்டும் பயிற்சியில் சேருமுன் மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும்.