கரண்ட் வைத்த மார்பும், காக்க வேண்டிய இதயமும்



புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய உறுப்பினர்களுக்காக இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

தெள்ளார் பக்கம் தறி வீட்டில் தார் சுற்றும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்வோம். எட்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி. காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, கடைசியில் கரண்ட் வைத்தார்கள். நோய் குணமானது. இப்போது தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. "வாயுவா இருக்கும்"னு ஓமத் தண்ணீர் குடிக்கிறார். இது வாயுதானா?

இதயத்துக்கு என்ன ஆகிறது?

நாம் 'கரண்ட்' என்று சொல்வது கதிர்வீச்சு சிகிச்சை. மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களை அது அழிக்கிறது. இதயம் இடது பக்கம் சாய்ந்து இருப்பதால், இடது மார்புக்குக் கதிர் வைக்கும்போது கொஞ்சம் இதயத்திலும் படலாம். அப்போது இரத்தக் குழாயின் உள்சுவர் புண்படும். சொரசொரப்பான வாய்க்காலில் வண்டல் தங்குவது போல, அங்கே கொழுப்பு படிந்து, வருடங்கள் கழித்து அடைப்பு வரலாம்.

சுவீடன், டென்மார்க் நாடுகளில் 2,168 பெண்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: இதயத்தில் கதிர் எவ்வளவு கூடுதலாகப் பட்டதோ, அவ்வளவுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடுகிறது. அது ஐந்து வருடத்துக்குள்ளேயே தொடங்கி, குறைந்தது 20 வருடமாவது நீடிக்கிறது.

இதைக் கேட்டு "எனக்குக் கரண்டே வேண்டாம்"னு யாரும் சொல்லிவிடாதீர்கள். உயிர் காக்கும் சிகிச்சை அது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயத்தை விலக்கிக் கதிர் வைக்கும் முறையும் இப்போது உண்டு.

கொழுப்பு மாத்திரை யாருக்கு?

ஸ்டாட்டின் என்ற மாத்திரை, கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதைக் குறைக்கிறது. குழாய்ச் சுவரின் வீக்கத்தையும் தணிக்கிறது. ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் அதிகம் தருவது அட்டார்வாஸ்டாட்டின்.

கதிர் வைத்துக்கொண்டவர்களில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்ததாகக் கனடாவில் 2019-ல் வந்த ஆய்வு சொன்னது. ஆனாலும் கரண்ட் வைத்த எல்லோருக்கும் இது கட்டாயம் என்று முடிவாகவில்லை. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், வயது, பட்ட கதிரின் அளவு எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டர் எழுதியதை "நல்லாத்தானே இருக்கேன்"னு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கடுமையான தசைவலி, கறுத்த சிறுநீர் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பம், தாய்ப்பால், கல்லீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. சிகிச்சை பைலைப் பத்திரமாக வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு மார்பில் கரண்ட் வைத்திருக்கிறார்கள்" என்று முதலில் சொல்லுங்கள்.

2. வருடம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பாருங்கள். டாக்டர் சொன்னால் ஈசிஜி, எக்கோ எடுங்கள்.

3. புகையிலை போடுவதை விடுங்கள். ஊறுகாய், அப்பளம், உப்பைக் குறையுங்கள். தறியில் உட்கார்ந்தே இருக்காமல் தினமும் அரைமணி நேரம் நடங்கள்.

4. நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கை வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் தருகிறார்கள். அதில் அட்டார்வாஸ்டாட்டினும் ஒன்று.

நம் அக்காவுக்கு இருப்பது வாயுவா, இதயக் கோளாறா என்பது டாக்டரிடம் காட்டிச் சோதித்தால்தான் தெரியும். பஸ் செலவுக்குப் பணம் இல்லையா? குழுவில் உள்கடன் கொடுங்கள். துணைக்கு ஒருவர் கூடவே போங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் மார்பில் கரண்ட் வைத்துக்கொண்டவர் யார்? அவர் கடைசியாகக் கொலஸ்ட்ரால் பார்த்தது எப்போது? அடுத்த மாதம் அவருடன் யார் போவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.