தூசியும் துடைப்பும்: மோட்டார் வண்டியின் வர்ணப் பூச்சைக் காக்கும் முறை

தில்லி மாநகரின் தென்பகுதியில், மெஹ்ரௌலியில், குதுப் மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையானது. வெயிலிலும் மழையிலும் நின்றும் அது பெரிதும் துருப்பிடிக்கவில்லை. இரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரத்தின் உதவியால் அதன் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகியிருப்பதே இதற்குக் காரணம் என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். பருவ மாற்றங்களைத் தாங்கி நின்ற அப்படலம் மனிதரின் கைபட்ட இடத்தில் தேய்ந்தது. தூணுக்கு முதுகு காட்டி நின்று, கைகளைப் பின்புறமாக வளைத்து அதைக் கட்டிப் பிடித்தால் நற்பேறு கிட்டும் என நம்பிப் பலரும் அவ்வாறு செய்துவந்தனர். கைகள் உராய்ந்த பகுதியில் இரும்பு பளபளத்தது. மேலும் தேயாதிருக்க 1997-இல் தூணைச் சுற்றி வேலி அமைக்கப்பட்டது.

மோட்டார் வண்டியின் வர்ணப் பூச்சுக்கும் ஏறக்குறைய இதே கதிதான் நேர்கிறது. பூச்சின் மீது படிந்து கிடக்கும் தூசியால் விளையும் கேட்டைவிட, அத்தூசியை அகற்றும் கையால் விளையும் கேடே பல வேளைகளில் பெரிதாகிவிடுகிறது.

பூச்சின் அமைப்பு

இக்கால வண்டிகளின் இரும்புத் தகட்டின் மீது முதலில் துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் அடிப்பூச்சும், அதற்கும் மேல் நிறப் பூச்சும் அமைகின்றன. யாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. 1980-களிலிருந்து உலகெங்கும் பரவிய இம்முறையில், வண்டியின் பளபளப்பு முழுவதும் தெளிபூச்சையே சார்ந்தது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான். மனிதரின் தலைமயிரைவிட மெல்லியது. மெருகேற்றும் கருவியால் கீறல்களைப் போக்கும்போது உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள பூச்சே சுரண்டி எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் குறைகிறது. குறைந்தது மீண்டும் வளர்வதில்லை. மிக மெலிந்துவிட்ட தெளிபூச்சு வெயிலில் வெளுத்துத் தோல்போல் உரியும். அதன்பின் மறுபடி வர்ணம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தில்லிப் புழுதியின் இயல்பு

கோடையில் இராஜஸ்தானப் பக்கத்திலிருந்து வீசும் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் ஒருபுறமும், சாலைகளிலிருந்தும் கட்டட வேலைகளிலிருந்தும் எழும் மண்தூள் மறுபுறமும் தில்லியின் வண்டிகள் மீது நாள்தோறும் படிகின்றன. இம்மண்ணில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள்கள் மிகுதி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை கணிக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸின் இடம் 7. கண்ணாடியையே கீறவல்ல அத்துகளுக்கு, பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த தெளிபூச்சு எம்மாத்திரம்?

தில்லியின் குடியிருப்புகளில் விடியுமுன்னரே ஒரு வாளி நீரும் ஒரு துணியும் கொண்டு வரிசையாகப் பல வண்டிகளைத் துடைத்து முடிக்கும் தொழிலாளரைக் காணலாம். முதல் வண்டியின் மணல் துணியில் ஏறுகிறது, வாளியில் கலங்குகிறது, மீண்டும் துணியில் ஏறி அடுத்த வண்டிக்குச் செல்கிறது. நான்காவது வண்டியை அடையும்போது துணி உப்புத்தாளுக்கு ஒப்பாகிவிடுகிறது. உலர்ந்த புழுதியை இறகுத் துடைப்பத்தால் தட்டுவதும் இத்தகையதே. இதில் குற்றம் தொழிலாளரிடம் இல்லை. குறைவான நேரத்தையும் ஒரே வாளியையும் மட்டும் அவருக்குத் தந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

கீறல்கள் சுழியாகத் தோன்றுவது ஏன்?

இவ்வாறு விழுந்த கீறல்களை நிழலில் காண்பது அரிது. வெயிலிலோ ஒற்றை விளக்கொளியிலோ நோக்கினால், ஒளியின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற வட்டங்கள் தென்படும். துணியை வட்டமாகத் தேய்த்ததே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். ஆனால் நேர்கோட்டில் விழுந்த கீறல்களும் இவ்வாறே தோன்றும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிப் பிம்பத்தை நோக்கிய திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை ஒன்றுசேர்ந்து வட்டமாகத் தோற்றமளிக்கின்றன. பார்ப்பவர் நகர்ந்தால் வட்டமும் உடன் நகரும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். நாள்பட்ட உபயோகத்தால் தேய்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை இருண்ட அறையில் ஒற்றை விளக்கின் கீழ்ப் பிடித்தால் அதே வட்டங்கள் புலப்படும்.

கழுவும் முறை

வண்டி நிழலில் நிற்க வேண்டும்; அதன் உடல் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் நீர் உடனே ஆவியாகி, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும்.

முதலில் கை படாமல் மேலிருந்து கீழாக நீரூற்றிப் புழுதியை ஓடவிடுதல் வேண்டும். பின்னர் வண்டிக்குரிய ஷாம்பு நுரையைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு மீண்டும் அலச வேண்டும். துணி வண்டியைத் தொடுவது இதன் பின்னரே. துணி துவைக்கும் தூளும் சலவைச் சோடாவும் காப்பு மெழுகைக் கரைத்துவிடுமாதலால் ஆகா.

வாளிகள் இரண்டு தேவை. ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் அல்லது கம்பளி உறையை ஷாம்பு நீரில் நனைத்து, அழுத்தாமல், நேர்கோடாக ஒரு பகுதியைத் துடைத்தபின், வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கதவின் அடிப்பகுதியில் முடித்தல் முறை. சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும்.

வெறும் நீர் வாளியின் பயனைக் கணக்கிட்டும் அறியலாம். 100 மைக்ரான் அளவுள்ள மணல் துகள் நீரில் நொடிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். 25 சென்டிமீட்டர் ஆழத்தை அரை நிமிடத்தில் கடந்து அடியில் தங்கிவிடும். 10 மைக்ரான் துகளுக்கோ முக்கால் மணி நேரம் ஆகும். ஆழக் கீறும் பெருந்துகள்களே விரைவில் அடங்குகின்றன. வாளியின் அடியில் துளைத்தட்டு ஒன்று இருப்பின் அவை மீண்டும் கலங்கி எழுவதில்லை.

இம்முறைக்கு நீர் மிகுதியாக வேண்டுமோ என்ற ஐயம் எழலாம். நிமிடத்துக்கு 15 லிட்டர் பாயும் ரப்பர்க் குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 225 லிட்டர் செலவாகும். பத்து லிட்டர் வாளிகள் இரண்டும், தோட்டத்துப் பூவாளியால் மூன்று நான்கு முறை ஊற்றும் நீரும் சேர்ந்து 60 லிட்டருக்குள் அடங்கும். 2024 மே மாதத்தில் தில்லியில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானபோது, குழாய் வைத்து வண்டி கழுவி நீரை வீணாக்குவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையிடப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

உலர்த்தும்போதும் தேய்த்தல் கூடாது. தடித்த மைக்ரோஃபைபர்த் துண்டை விரித்துப் படியவைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும்.

களிக் கட்டியின் உபயோகம்

நன்கு கழுவிய பின்னும் சில பொருள்கள் பூச்சில் பதிந்து கிடக்கும். தடைக்கட்டைகளிலிருந்தும் இரயில் தண்டவாளங்களிலிருந்தும் பறக்கும் இரும்புத் தூள், தார்ப் புள்ளிகள், மரப்பிசின் முதலியவை அவை. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் உறையாக அணிந்து பூச்சைத் தடவினால் சொரசொரப்பு எளிதில் புலனாகும். இதனை அகற்றவே பிசைந்து உபயோகிக்கும் களிக் கட்டி வந்தது. ஜப்பானியரான தடாவோ கொடாடே 1990-களில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதில் இப்பொருள் வளையும் சாணைக்கல் என்றே குறிக்கப்படுகிறது. ஆகவே இதுவும் தேய்க்கும் பொருளே என்பதை மறத்தலாகாது. தாஜ் மகாலின் பளிங்கில் அழுக்கை உறிஞ்சப் பூசப்படும் முல்தானி மண் முற்றிலும் வேறானது. அதை வண்டியில் தேய்த்தல் தகாது.

ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, சிறு களித் துண்டைத் தட்டையாக்கி, அதன் சொந்த எடைக்கு மேல் அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அழுக்கேறிய பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிப் புதிய பக்கத்தால் தொடர வேண்டும். தரையில் விழுந்த களியில் மணல் புதைந்திருக்கும். அதை எறிந்துவிடுதலே சிக்கனம். ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் இவ்வேலை வேண்டுவதில்லை. சொரசொரப்பு இல்லாத இடத்தில் களி தேவையே இல்லை.

காப்புப் பூச்சு

களி பழைய மெழுகையும் அகற்றிவிடுவதால் உடனே புதிய காப்புப் பூச்சு இட வேண்டும். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு நெடுங்காலமாக இதற்கு உதவி வருகிறது. தில்லிக் கோடையில் அது சில வாரங்களே நிற்கும்; செயற்கைப் பாலிமர்ப் பூச்சுகள் சில மாதம் நீடிக்கும். எதுவாயினும், நிழலில், மிக மெல்லியதாகத் தடவி, மங்கலாக உலர்ந்தபின் தூய துணியால் மெல்ல எடுக்க வேண்டும்.

காப்புப் பூச்சு மணலின் கீறலைத் தடுத்துவிடும் என எண்ணுதல் தவறு. அழுக்கு இறுகப் பற்றாமல் நீரோடு எளிதில் இறங்கச் செய்வதே அதன் பயன். இதனால் தேய்க்கும் தேவை குறைகிறது. ஜன்பத்தின் மருத மரங்களுக்கும் அக்பர் சாலையின் புளிய மரங்களுக்கும் கீழே நிறுத்தும் வண்டிகளில் விழும் பறவை எச்சத்தைக்கூட, ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால், சுரண்டாமல் நீக்கலாம்.

அலுவலக ஜீப்புகளைப் பராமரிக்கும் களப் பணியாளர், ஓட்டுநருக்கு மெருகுப் பொருள் வாங்கித் தருமுன் இரண்டாவது வாளி ஒன்றையும் தூய துணிகள் சிலவற்றையும் வாங்கித் தருவாராக. அன்றாடம் உலர்துணியால் துடைக்க வேண்டும் என்ற கட்டளை இருக்குமாயின், அதை நீக்கி, வாரம் ஒருமுறை முறைப்படி கழுவினால் போதும் என மாற்றுவாராக. இடைப்பட்ட நாள்களில் வண்டியின் மீது தூசி படிந்திருப்பது கண்ணுக்கு அழகன்று. எனினும் அத்தூசிக்கு அடியில் பூச்சு குறைவின்றி இருக்கும்.