பிராட்பேண்ட் வாங்கும் முன் தெருவை விசாரியுங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலடிக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் முக்கிய வாசல்களில் சென்னையும் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் கடலடியில் வந்த ‘ஐ2ஐ’ கேபிள் 2002-ல் இங்கே கரையேறியது. சிங்கப்பூரையும் பிரான்சையும் இணைக்கும் ‘சீ-மீ-வீ 4’ கேபிளுக்கு 2005 முதல் சென்னையிலும் ஒரு நிலையம் உண்டு. வங்கக் கடலிலிருந்து சென்னையின் கோடம்பாக்கம் சில கிலோமீட்டர்தான். இந்த ஊருக்கு இணையம் பஞ்சமில்லை.

ஆனாலும் கோடம்பாக்கத்தின் டிரஸ்ட்புரத்திலோ ரங்கராஜபுரத்திலோ பத்துப் பேரைக் கேட்டால், “நெட் போச்சு, கம்ப்ளைண்ட் போட்டிருக்கேன், இன்னும் யாரும் வரல” என்ற வரியைக் கட்டாயம் கேட்போம். கடல் தாண்டி வரும் தரவு, தெருமுனைப் பெட்டிக்கும் உங்கள் வீட்டு வரவேற்பறைக்கும் இடையில் உள்ள கடைசி நூறு மீட்டரில் சிக்கிக்கொள்கிறது. அந்த நூறு மீட்டரை யார், எவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிறார்கள் என்பதுதான் வாடிக்கையாளர் சேவை. இது புரியாததால், விளம்பரத்தைப் பார்த்து இணைப்பு வாங்கிவிட்டுப் பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்துக்குக் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பெரிய கம்பெனி என்றால் சர்வீஸும் நன்றாக இருக்கும்.

உண்மை: சேவையின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதைவிட ஏரியாவுக்கு ஏரியா அதிகம் வேறுபடுகிறது. ஏர்டெல், ஜியோ, ஆக்ட், பிஎஸ்என்எல் என்று எதை எடுத்தாலும், நீங்கள் போனில் பேசும் ஆள் வேறு, ஏணியோடு வரும் ஆள் வேறு. உங்கள் புகார் கால் சென்டரிலிருந்து ஏரியா அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் ஒப்பந்தக் குழுவிடம் போகிறது. அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லே பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து, வருமானத்தைப் பகிர்ந்துகொண்டுதான் வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கிறது. ஆகவே ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒரு தெருவில் அருமையான சேவையும், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மோசமான சேவையும் இருக்க முடியும்.

உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் சில இடங்களில் அவர்தான் முதலில் வந்து நிற்கிறார். ஆனால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஜிஎஸ்டியோடு ரசீது கொடுப்பது எந்த நிறுவனம் என்று கட்டாயம் பாருங்கள். ரசீது இல்லாத இணைப்பில் தகராறு வந்தால் யார் மேலும் புகார் சொல்ல முடியாது.

விசாரிக்க வேண்டியது உங்கள் தெருவில். மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, எடிட்டிங் ஸ்டூடியோ என்று நெட் இல்லாவிட்டால் பிழைப்பு நின்றுபோகும் இடங்களில் கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியா எப்ப போச்சு? கம்ப்ளைண்ட் போட்டு எத்தனை மணி நேரத்துல வந்தாங்க? ஞாயிற்றுக்கிழமை வந்தாங்களா?” என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் மூன்று வீடுகளில் கிடைக்கும் பதில், எந்த நட்சத்திர மதிப்பீட்டையும் விட நம்பகமானது.

நம்பிக்கை 2: ஃபைபர் என்றால் வீட்டுக்குள் வரை ஃபைபர், மழை வந்தாலும் ஒன்றும் ஆகாது.

உண்மை: இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, பெயரில் ஃபைபர் இருந்தாலே வீடு வரை கண்ணாடி இழை வருகிறது என்பது. சில இணைப்புகளில் ஃபைபர் உங்கள் கட்டடத்தின் பெட்டியோடு, அல்லது தெருமுனையோடு நின்றுவிடும். அங்கிருந்து சாதாரண லேன் கேபிள்தான் வீட்டுக்குள் வரும். அந்தப் பெட்டியில் உள்ள ஸ்விட்ச்சுக்கு மின்சாரம் வேண்டும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை வரும் நாளில், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விட்டால் இதுதான் காரணமாக இருக்கும். இடி மின்னலில் ரவுட்டரின் லேன் துளை கருகுவதும் இந்த லேன் கேபிளின் செம்புக் கம்பி வழியாகத்தான். வீடு வரை கண்ணாடி இழை வந்தால் நடுவழிப் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை. வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும். எனவே விற்க வருபவரிடம், “வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் கேபிளா?” என்று நேராகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஃபைபருக்கு ஆபத்தே இல்லை என்பது. கண்ணாடி இழை துருப்பிடிக்காது, ஆனால் எளிதில் ஒடியும். கோடம்பாக்கத்தில் அது மண்ணுக்கு அடியில் ஓடும் தூரம் குறைவு. விளக்குக் கம்பத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து மரத்துக்கு என்று தொங்கிக்கொண்டு போகிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போதும் நகரம் நாள்கணக்கில் தொடர்பு இழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் இல்லாத நாளிலும் மெட்ரோ ரயிலின் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்துக்கான வேலை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என்று எங்காவது தோண்டல் நடக்கிறது. ஜேசிபி ஒரு கேபிளை அறுத்தால் ஒரு தெருவே இருண்டுவிடும். கேபிள் அறுவதை எந்த நிறுவனத்தாலும் முழுதாகத் தடுக்க முடியாது. அறுந்ததை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் குழு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான் நிறுவனங்கள் வேறுபடுகின்றன.

நம்பிக்கை 3: எம்பிபிஎஸ் கூடக் கூட நல்ல இணைப்பு.

உண்மை: நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் உள்ளறைச் சுவரைத் தாண்டுவதில்லை. ரவுட்டரைக் கூடத்து டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, கடைசி அறையில் வேகம் இல்லை என்று கம்பெனியைக் குறைசொல்வதில் பயனில்லை. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது பலமிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வேகம் குறைவு. புகார் கொடுக்கும் முன் ஒரு லேப்டாப்பை லேன் வயரில் நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது வைஃபையை.

கோடம்பாக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. எடிட்டிங், டப்பிங், சப்டைட்டில், கிராஃபிக்ஸ் வேலைகள் இங்கே பல வீடுகளில் நடக்கின்றன. இவர்களுக்குப் பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றம் முக்கியம். 50 ஜிபி கோப்பை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அதே கோப்புக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். “அப்லோட் ஸ்பீடும் அதேதானா?” என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. ஜியோ, ஏர்டெல் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும். சாதாரண வீட்டுக்கு அது எட்டாத எல்லை. தினமும் கோப்புகளை அனுப்புபவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் லாபம்.

உண்மை: ஓரிரு மாதக் கட்டணம் மிச்சமாகலாம். ஆனால் சேவை சரியில்லை என்றால் விலகும் சுதந்திரம் போய்விடும். ஏமாற்றம் தந்த மொபைல் நிறுவனத்தை எண்ணை மாற்றாமலே விட்டு விலகும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. பிராட்பேண்டில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது புது வயர், புதுப் பெட்டி, புதுக் கணக்கு என்று எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். எனவே முதல் மூன்று மாதங்கள் மாதக் கட்டணத்தில் இருங்கள். அதில் ஒரு முறையாவது பழுது வரும். அப்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து ஆண்டுத் திட்டத்தை முடிவுசெய்யுங்கள்.

நம்பிக்கை 5: லைன்மேன் நம்பர் கையில் இருந்தால் போதும்.

உண்மை: வருகிறவரின் நம்பர் கையில் இருப்பது வசதிதான். வெயிலில் ஏணி ஏறும் அந்த மனிதர்களிடம் மரியாதையாகப் பழகுங்கள். காலதாமதம் பெரும்பாலும் அவர்கள் தவறல்ல. ஆனால் அவருக்கு மட்டும் போன் செய்தால் உங்கள் பழுது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நீங்கள் பதிவுசெய்யும் ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் ஒரு டாக்கெட் எண் தர வேண்டும். பழுது நேரத்தின் கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த எண்ணுக்குப் பணமதிப்பும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிமுறைகள், பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தரச் சொல்கின்றன. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் புகார் எண் இல்லாததால் கேட்க முடிவதில்லை. கஸ்டமர் கேரில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். “சரியாயிடுச்சு, கம்ப்ளைண்டை குளோஸ் பண்ணலாமா?” என்று கேட்டால், நெட் உண்மையிலேயே வந்த பிறகு மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

நம்பிக்கை 6: டிராய்க்கு எழுதினால் நடவடிக்கை எடுப்பார்கள், கோர்ட்டுக்குப் போக முடியாது.

உண்மை: இரண்டு பாதியும் தவறு. டிராய் விதிகளை வகுக்கும். தனிநபர் புகார்களை விசாரிக்காது. புகார் மையத்தில் தீர்வு இல்லை என்றால் அடுத்த படி, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. புகாருக்கான கெடு முடிந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் தளமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

நுகர்வோர் நீதிமன்றக் கதவு மூடியிருந்த காலம் ஒன்று இருந்தது உண்மை. கேரளத்திலிருந்து வந்த எம். கிருஷ்ணன் வழக்கில், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி, தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா நிறுவனத்துக்கும் அஜய் குமார் அகர்வால் என்ற வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்கில், நுகர்வோர் ஆணையங்களின் அதிகாரத்தை அந்தச் சட்டம் பறிக்கவில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கையில் இருக்க வேண்டியவை டாக்கெட் எண்களும் ரசீதுகளும்.

நம்பிக்கை 7: எங்கள் ஃபிளாட்டில் ஒரு கம்பெனிதான் வரும், வேறு வழியில்லை.

உண்மை: அது பெரும்பாலும் குடியிருப்போர் சங்கத்தின் பழைய முடிவு, கூட்டத்தில் பேசி மாற்றக்கூடியது. எட்டு வீடுகள் உள்ள சின்ன அடுக்ககத்திலும் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளுக்கு மாடிப்படியில் இடம் கொடுங்கள். விலகிப்போக இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் முதலாமவர் பழுதுக்கு ஓடிவருவார்.

ஒரு பழுது வந்தால், “பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்” என்று ஏழு வீடுகள் சும்மா இருப்பது நம் பழக்கம். எட்டு வீடுகளில் நெட் போயும் ஒரே புகார் என்றால் நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு வீட்டுப் பிரச்சினை. எட்டு டாக்கெட் எண்கள் பதிவானால் அது தெருவின் பழுது. அனுப்பும் ஆளும் அதற்கேற்ப மாறும். டிராய்க்கு நிறுவனங்கள் அனுப்பும் சேவைத் தர அறிக்கைகளும் இந்தப் பதிவுகளிலிருந்துதான் தயாராகின்றன. நாம் பதிவுசெய்யாத பழுது, அந்த அறிக்கையைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. நல்ல சேவை உள்ள நிறுவனத்தைத் தேடுவது நம் வேலையில் பாதி. பழுது வந்த அன்றே, ஒவ்வொரு வீடும் தன் பெயரில் ஒரு புகார் எண் வாங்குவது மீதிப் பாதி.