குளத்தின் அடியில் நெருப்புண்டோ?

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், இராஜகிரியின்மேல் ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கும் பெரும் பாறைகளை நோக்கி, இவை பண்டொரு காலத்தில் எரிமலை கக்கியவையோ என வினவுவதுண்டு. அங்ஙனமாயின், மலையடியிலுள்ள செட்டிகுளம், சக்கரகுளம் என்பவற்றின் கீழ் அத்தீ இன்னும் ஒளிந்திருக்குமோ? இவ்வினா நகைக்கத்தக்கதன்று.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் இரவு, ஆப்பிரிக்காவிலே காமெரூன் நாட்டு நியோஸ் ஏரியினின்றும் கரியமிலவாயு பொங்கியெழுந்து பள்ளத்தாக்குகளிற் பரவியது. 1,700 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். எரிமலை வாயில் அமைந்த அவ்வேரியின் ஆழ்நீரில், பூமியினின்று ஊறிய வாயு நெடுங்காலம் கரைந்து சேர்ந்திருந்தது; மேல்நீரோ அமைதியாகவே விளங்கிற்று. ஆகவே, நீர்நிலையின் அடியை ஆராய்தல் உயிர் காக்கும் தொழிலாம்.

அவ்வாராய்ச்சியின் முதற்படி ஆழம் அளத்தல். படகினின்று ஒலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தைக் கணிப்பர். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லுமாதலின், பத்தில் ஒரு வினாடியில் எதிரொலி மீளுமிடத்து ஆழம் 75 மீட்டர் எனக் கொள்க. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஏரியை 1999ஆம் ஆண்டு தொடங்கி இங்ஙனம் அளந்தபோது, வெந்நீர்த் துளைகளும், வெடித்த பள்ளங்களும், சுமார் 30 மீட்டர் உயர்ந்த ஒரு புடைப்பும் அடித்தரையிற் புலப்பட்டன. அடுத்து, அடிநீரின் வெப்பத்தையும் அதிற் கரைந்த வாயுவையும் உப்பையும் சோதிப்பர். இறுதியில் துளையிட்டு, வண்டலுக்குக் கீழுள்ள பாறையை எடுத்துப் பார்ப்பர்.

இவ்விறுதிச் சோதனையின் பயனை நம் நாட்டு லோனார் ஏரி காட்டும். மகாராஷ்டிரத்திலுள்ள அவ்வட்டப் பள்ளம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் அகலமுடையது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையே இருத்தலின், அதனை எரிமலை வாயெனப் பலர் கருதினர். ஏரியின் அடியைத் துளைத்து எடுத்த பாறைத் துண்டுகளிலோ, பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருள் உருகாமலே கண்ணாடியாய் மாறியிருந்தது. எந்த எரிமலையும் தரவியலாத பேரதிர்ச்சியின் அடையாளம் அது. விண்கல் மோதியதால் விளைந்த பள்ளமே லோனார் என்று 1973ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். குழம்பு வெளியே கொட்டி விரைவில் ஆறினால், அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாவண்ணம் நுண்ணியவாம். செஞ்சிக் கருங்கல்லிலோ மணிகள் வெறுங் கண்ணுக்கே தோன்றும். அது பூமியின் ஆழத்திலே மிக மெல்ல ஆறி உறைந்தது என்பதற்கு இதுவே சான்று. 200 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பாறையின்மேல் இருந்த கற்படைகள் காலப்போக்கில் அரிந்தொழிய, அது வெளிப்பட்டது. மழையும் வெயிலும் அதன் வெடிப்புகளில் புகுந்து உழைத்ததனாலேயே பாறைகள் உருண்டையாயின. எரிமலை அவற்றை எறியவில்லை. அடியிலுள்ள குளங்களும் மக்கள் அமைத்தவையே. ஆதலின் அங்கே அஞ்சத்தக்க நெருப்பொன்றுமில்லை.

அடுத்த முறை அங்குச் செல்லும் மாணவர், கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமாதலின் கல்லை உடையாது, பூதக்கண்ணாடி கொண்டு அம்மணிகளை நோக்குவாராக. குளத்தைக் குறித்த ஐயத்திற்கு விடை கரையிலேயே கிடைக்கும்.