கொடுப்பதும் கொள்வதும்

செம்புத் தகட்டைக் காற்றுப்பட நெடுநேரம் சூடேற்றினால் அதன்மேல் கருநிறப் படலம் ஒன்று படியும். செம்பு ஆக்ஸிஜனோடு கூடியதால் விளைந்த செம்பு ஆக்ஸைடே அது. சூடான அப்படலத்தின்மீது ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தின், கருமை நீங்கிச் செம்பு தன் செந்நிறத்தை மீண்டும் பெறும். உடன் நீராவியும் தோன்றும். ஆக்ஸிஜனைக் கவர்ந்த ஹைட்ரஜன் ஒடுக்கி. அதனை ஈந்த செம்பு ஆக்ஸைடு ஆக்ஸிஜனேற்றி.

மாணவர் பலர் இவ்விடத்தில் இடறுவர். ஆக்ஸிஜனேற்றம் அடைந்த ஹைட்ரஜனையே ஆக்ஸிஜனேற்றி என எழுதிவிடுவர். உண்பவனை உணவிடுபவன் என்பார் உளரோ?

ஆக்ஸிஜன் கைமாறாத இடத்தும் இவ்வினை நிகழும். மயில்துத்தக் கரைசலில் துத்தநாகத் தகட்டை இட்டுவைத்தால் கரைசலின் நீலம் மெல்ல வெளிறும். தகட்டின்மேல் செம்பு படியும். துத்தநாக அணு ஒவ்வொன்றும் 2 எலெக்ட்ரான்களை இழக்கிறது. செம்பு அயனி அவற்றை ஏற்கிறது. எலெக்ட்ரானை இழத்தல் ஆக்ஸிஜனேற்றம்; பெறுதல் ஒடுக்கம். ஆகவே துத்தநாகம் ஒடுக்கி. செம்பு அயனி ஆக்ஸிஜனேற்றி. முன்னர் ஆக்ஸிஜனை ஈந்தது ஆக்ஸிஜனேற்றி ஆயிற்று. இங்கு எலெக்ட்ரானை ஈந்தது ஒடுக்கி ஆயிற்று. கொடுப்பது யார் என்பதோடு, கொடுக்கப்படுவது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இனி, ஒரு பொருளை எஞ்ஞான்றும் ஒடுக்கி என்றே கூறலாமோ? ஆகாது. இவை பிறப்பால் வந்த பெயர்கள் அல்ல. தொழிலால் வந்த காரணப்பெயர்கள். ஒரே சொல் ஒரு தொடரில் எழுவாயாகவும் பிறிதொன்றில் செயப்படுபொருளாகவும் நிற்கக் காண்கிறோம் அன்றோ? ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அமிலம் கலந்த பொட்டாசியம் அயோடைடுக் கரைசலிலிருந்து அயோடினை வெளிப்படுத்தும். அங்கே அஃது ஆக்ஸிஜனேற்றி. அதனையே அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலில் சேர்த்தால் ஊதா நிறம் மறையும். ஆக்ஸிஜன் குமிழிகள் எழும். இங்கே அஃது ஒடுக்கி.