ஃபார்மட் அடிக்குமுன் எண்ணைப் பாருங்கள்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷனுக்குள் வந்துபோய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளத்துக்காக நம் மாவட்டத்துக்கு நீட்டித்துத் தந்த நவம்பர் மாத ஜிஎஸ்டி 3பி அவகாசம் மறுநாள் முடிகிறது. அதற்கடுத்த நாள் ஜிஎஸ்டிஆர்-1. அன்றிரவு பார்த்து வந்தது கேபி 5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட். உலகம் பூராவும் ஏராளமான கம்ப்யூட்டர்களில் ஏறாமல், 80070643 என்று முடியும் எண்ணைக் காட்டித் திரும்பத் திரும்ப நின்றது. வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கை ஓடுமா? கடைக்குத் தூக்கிப்போனால் ஒரே கேள்விதான்: "ஃபார்மட் அடிச்சிருவோமா அண்ணாச்சி?"

விடாதீர்கள். டாலி டேட்டா பெரும்பாலும் சி டிரைவில்தான் கிடக்கும். அதுவும் சேர்ந்து போய்விடும். அந்த அப்டேட்டில் உங்கள் தவறு ஒன்றுமே இல்லை. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் அதற்குத் தேவைப்பட்டது; பல கம்ப்யூட்டர்களில் அது இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லாமல், பொதுவான எண் ஒன்றைக் காட்டிக் குழப்பியது. பார்ட்டிஷனில் கைவைக்கத் தெரியாதவர்கள் அதை அப்படியே விட்டிருக்கலாம். வழக்கமான மாத அப்டேட் அதைச் சாராமல் தனியே ஏறியது.

ஆகவே முதல் வேலை, எண்ணைக் குறித்துக்கொள்வது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறங்கள். 80070070 என்று முடிந்தால் சி டிரைவில் இடமில்லை. டவுன்லோட்ஸில் கிடக்கும் கல்யாண வீடியோவை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று சுற்றிக்கொண்டிருந்தால் பவர் பட்டனைத் தொடவே கூடாது. பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஹார்ட் டிஸ்க் பழசாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று அப்டேட் விடுகிறது. அது 8-லிருந்து 14-க்குள் விழும். ஜிஎஸ்டிஆர்-1 11-ல், 3பி 20-ல். மோதத்தான் செய்யும். 7-ம் தேதியே 'பாஸ் அப்டேட்ஸ்' போட்டு இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்: 2017 மார்ச்சில் வந்த பாதுகாப்பு அப்டேட்டைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களைத்தான் மே மாதம் வான்னக்ரை வைரஸ் பிடித்தது.

21-ம் தேதி டாலி பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். அன்று உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை உண்டா என்று காலையிலேயே பேப்பரில் பார்த்துவிடுங்கள். சாரல் காற்றில் கரண்ட் போய்ப்போய் வரும் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட்டைத் தொடவே வேண்டாம்.