கணித அறிவு பிறவியில் வருவதா?

'இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது' என்ற தீர்ப்பைப் பெற்றாரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்குப் பின் நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. பிள்ளை கடைசி வாங்கில் இருத்தப்படுகிறது. சிறிது காலத்தில் கடைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போய்விடுகிறது. ஆகவே, கணித அறிவு பிறவியில் வருவதா, படித்துப் பெறுவதா என்ற கேள்வியை அறிஞர்களின் விவாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பிறவியில் ஏதோ ஒன்று இருக்கவே செய்கிறது. 1992ஆம் ஆண்டில் கறன் வின் என்ற உளவியலாளர், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்தார். குழந்தை பார்த்திருக்க இன்னொரு பொம்மையையும் திரைக்குப் பின்னால் வைத்தார். திரை விலகியபோது ஒரு பொம்மை மட்டுமே இருந்தால், குழந்தை கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தது. இரண்டு இருக்கவேண்டும் என்று அது எதிர்பார்த்திருக்கிறது!

ஆனால் இந்த அறிவுக்கு எல்லை உண்டு. அமேசன் காட்டில் வாழும் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேற்பட்ட எண்களுக்குப் பெயர் இல்லை. 2004இல் வெளியான ஆய்வொன்றின்படி, இரண்டு பெரிய புள்ளிக் கூட்டங்களில் எது பெரிது என்பதை அவர்கள் நன்றாகவே மதிப்பிட்டார்கள். பெரிய தொகையிலிருந்து சிலவற்றை எடுத்தால் சரியாக எத்தனை மிஞ்சும் என்பதில்தான் தடுமாறினார்கள். மட்டுமதிப்பு பிறப்போடு வருகிறது. திட்டமான கணக்குக்கு எண்களின் பெயர்களும், எண்ணிப் பழகும் வாழ்வும் வேண்டும்.

அந்தப் பழக்கத்தைப் பாடசாலைதான் தருகிறதா? பிறேசிலின் றெசீபே நகரில் தெரேசினியா நூனஸ், டேவிட் கராகர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவுகிறது. சந்தையிலும் தெருவோரத்திலும் வியாபாரம் செய்த, 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் அவர்கள் வாடிக்கையாளராகச் சென்று விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98.2 விடைகள் சரி. சில நாள்களின் பின் அதேபோன்ற கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்துக் கேட்டபோது, வசனக் கணக்குகளில் 73.7 வீதமும், வெறும் எண் கணக்குகளில் 36.8 வீதமுமே சரியாக வந்தன. ஐந்து பேர் சிறு தொகைதான். ஆனால் விடைகள் எப்படிப் பிழைத்தன என்பதைப் பார்க்கவேண்டும்.

ஒரு தேங்காய் 35 குருசேறோ, நான்குக்கு எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்து 135, ஆக 140 என்று சந்தையில் சொன்னது. தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோதோ, நாலைந்து இருபது, மனதில் இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்நாலு இருபது என்று 200 எழுதியது! நான்கு தேங்காயை 200க்கு விற்க எந்த வியாபாரியும் துணியமாட்டான். பெருக்கிய பின் கூட்டவேண்டிய இரண்டை முன்னதாகவே கூட்டியதுதான் பிழை. இதை மந்தபுத்தி என்று யார் சொல்வார்கள்? காரணம் விளங்காமல் மனனம் செய்த விதி பிள்ளையைக் கைவிட்டிருக்கிறது.

இதைக் கொண்டு, சந்தையே போதும், பாடசாலை எதற்கு என்று வாதிடுவோருடன் நாம் உடன்படவில்லை. கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2025இல் வெளிவந்தது. சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனதால் செய்த அவர்களில் பலர், எளிய பாடசாலைக் கணக்குகளில் தவறினார்கள். சந்தை வேலை செய்யாத 471 மாணவர்களோ சந்தைக் கணக்கில் பின்தங்கினார்கள். ஒரு பக்கத்து அறிவு மறுபக்கத்துக்குத் தானாக வந்து சேரவில்லை. வட்டியை மனதாலேயே சொல்லக்கூடிய பெண், சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை வாசிக்காமல் கையொப்பமிடும் நிலை இதனால்தான் ஏற்படுகிறது. அங்கே நட்டப்படுபவர் அவரே.

ஆகவே மாலை வகுப்பு நடத்தும் நம் ஊழியர்கள், விதியைச் சொல்லுமுன், 'நீ எப்படிக் கணக்குப் பார்த்தாய்?' என்று பிள்ளையிடம் கேட்கட்டும். பிள்ளை சொன்ன 105உம் 35உம் முதலில் கரும்பலகைக்கு வரட்டும். பக்கத்தில், 30ஐ நான்கு தரம் எடுத்தால் 120, 5ஐ நான்கு தரம் எடுத்தால் 20 என்று எழுதலாம். பாடசாலை முறையை மூன்றாவதாக எழுதும்போது, 'மனதில் இரண்டு' என்பது இரண்டு பத்துகள் என்பதும், அது 120உடன் சேரவேண்டியது என்பதும் பிள்ளையின் கண்ணுக்கே தெரியும்.